அத்திம்பேரின் பல்செட்டும் எட்டு சதவீதப் பிழையும்

தினமும் பல் தேய்ப்பது நல்ல பழக்கம், இன்ஸ்பெக்டர் ராசப்பன் சார். எங்கள் அத்திம்பேர் பல்லைக் கழற்றித் தேய்த்து, தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

நான் வெங்கிட்டு. கொச்சி காக்கநாட்டில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை. சந்தை எப்படிப் போகும் என்று கணித்து, ஒரு மனிதன் எவ்வளவு செலவழிக்கலாம், எவ்வளவு முதலீடு செய்யலாம் என்று சொல்வோம். கணிப்பே தப்பானால்? அதற்கும் விதி உண்டு. சந்தையில் போடுவதைக் குறை; வாயில் போடுவதையும் குறை.

பங்குகள் ஏறும் என்று கணித்தேன். எட்டு சதவீதம் இறங்கின. நான் பதறவில்லை. பாதியை விற்றேன். அடுத்தது வாய். மட்டாஞ்சேரி வீட்டில் நாங்கள் நான்கு பேர். மனைவி ஸுப்ரியாவின் காப்பித்தூளைப் பாதியாக்கினேன்.

"ஏன்னா, இது காப்பியா, பாத்திரம் அலம்பின வெள்ளமா?"

அம்மிணி அக்காவின் நெய்யை நிறுத்தினேன். மிச்சம், அவள் கணவர் விஸ்வநாத் அத்திம்பேர். சாயாவோடு பதினோரு முறுக்கு கடிப்பார். என் கணக்கில் நான்குதான்.

கணக்கைத் திருத்தியிருக்கலாம். அத்திம்பேரைத் திருத்துவது சுலபமாகப் பட்டது. நேற்று, சனிக்கிழமை, அவர் குளிக்கும்போது பல்செட்டை எடுத்துப்போய் பேங்க் லாக்கரில் வைத்தேன்.

"எடா வெங்கிட்டு, என் பல்லைக் கண்டயோ? நாளைக்கு அறுபதாம் கல்யாணம். ஒரு மாசமா அந்த நேந்திரங்கா வறுவலை நெனச்சிண்டு இருக்கேனாக்கும்."

"காக்கா கொண்டுபோயிருக்கும் அத்திம்பேர்" என்றேன். கூடவே தேடினேன். கட்டிலுக்கு அடியில் மட்டும் இரண்டு தடவை.

இன்று பந்தியில் அத்திம்பேர் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வறுவலாக நாக்கில் வைத்துப் பார்த்து, திரும்ப இலையிலேயே வைத்தார். கண் கலங்கியிருந்தது. பல் இல்லாவிட்டால் ஒன்றும் உள்ளே போகாது என்ற என் கணிப்பு அணுவளவும் பிசகாதது அன்றைக்குத்தான்... மன்னிக்கவும், இன்றைக்குத்தான்.

அக்கா உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டாம். லாக்கர் நாளை பத்து மணிக்குத் திறக்கும். விருந்துதான் திரும்ப வராது.

"எல்லார்க்கும் குறைச்சாச்சு. அப்போ சேட்டன் தனக்கு என்ன குறைச்சு?" என்று என்னைக் கேட்டு, என் சட்டைப் பையையே பார்க்கிறீர்கள். வறுவல்தான். அத்திம்பேர் இலையில் மிஞ்சியது. ஸுப்ரியாவின் காப்பி, அக்காவின் நெய், அத்திம்பேரின் முறுக்கு, எல்லாம் நான் மிச்சம் பிடித்தவை. மிச்சத்தைப் பத்திரமாக எங்காவது போட வேண்டாமா? சந்தையை நம்ப முடியாத காலம். என் வயிற்றில் போட்டேன்.

அது செலவில்லை சார். முதலீடு.