வெள்ளை உடுத்தச் சொன்ன ஞாயிறு

கதவைச் சாத்துங்கள். கரியைக் கொஞ்சம் கிளறிவிடு, ஹூலியான். இது நடுராத்திரிப் பேய் இல்லை... மத்தியானம் மூன்று மணிப் பேய். ஆகஸ்ட் வெயிலில் ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரம். ஆற்றுத்துறைப் பாதையில் ஒரு நாய்கூட இல்லை. தலையில் துணிக்கூடையோடு ஒருத்தி மட்டும் போகிறாள்.

என் தோழி நிகாசியாவின் பெரியம்மா அவள். எலாதியா. அப்போது இருபது வயது. உள்நாட்டுப் போரின் இரண்டாவது கோடை. ஊர் ராணுவத்தின் பிடியில். போலீஸ் சார்ஜெண்டு வீட்டுத் துணியைத் துவைத்துத்தான் அவள் பிழைத்தாள். அவள் அண்ணன் ஹசிந்தோவையும் இன்னும் பதின்மூன்று பேரையும் அதே சார்ஜெண்டு கல்லறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருந்தார். குற்றம்? கூலி உயர்த்திக் கேட்டார்கள். அவ்வளவுதான், படுபாவிகள்!

சுட்டதோடு விட்டார்களா? துக்கம்கூடக் கூடாதாம். வழக்கப்படி எலாதியா தன் உடுப்பைக் கறுப்புச் சாயப் பானையில் கொதிக்கவைத்தாள். சார்ஜெண்டின் மனைவி பூரா, ஊருக்கெல்லாம் தோன்யா பூரா, வந்து பானையை எட்டி உதைத்தாள்.

"துரோகிக்கு என்னடி துக்கம்? ஞாயித்துக்கெழம மாதா திருநாள். பதினாலு வீட்டுக்காரிங்களும் வெள்ளை உடுத்திப் பூசைக்கு வரணும். கறுப்போட எவ வந்தாலும் அதே சுவருதான்!"

சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை. எலாதியா தன் ஒரே வெள்ளை உடுப்பைத் துறையின் கல்தொட்டியில் நனைத்தாள். பின்னால்... தப். தப். யாரோ துவைக்கிறார்கள். திரும்பினாள். ஆளில்லை. கல்லின்மேல் ஈரக் காலடிகள் மட்டும்... கயிற்றுச் செருப்புத் தடம், ஆண்களுடையது. வினிகரும் சாயமும் கொதிக்கும் வாடை. உயிரோடிருந்தவரை ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாத தடியன்கள்! உடுப்பைத் தூக்கினாள். கறுப்பு. தொட்டித் தண்ணீரோ பளிங்காய்த் தெளிந்திருந்தது.

துணி வரத் தாமதமாகவே தோன்யா பூரா தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"யாருடி சாயம் குடுத்தது?"

"யாரும் குடுக்கலம்மா. தண்ணியில நனைச்சேன், அவ்ளோதான்."

"யார்கிட்ட கத விடுற?"

தோன்யா பூரா, திருநாளுக்கென்று கூடையில் இருந்த தன் வெள்ளை உடுப்பை எடுத்து, அதே தொட்டியில் முக்கி, உதறிக் காட்டினாள். பால் வெள்ளை. "பாத்தியா?" என்று பளார் என ஓர் அறை. "ஞாயித்துக்கெழம அந்தக் கறுப்பையே போட்டுக்கிட்டு வா. முன்வரிசையில உக்காந்து பாக்கறேன்."

அன்று மாலையே எலாதியா பக்கத்து வீட்டு விதவையிடம் போனாள். அவள் புருஷனும் அந்தச் சுவரில் நின்றவன்தான்.

"அவங்க வந்திருக்காங்க அக்கா. நீயும் ஒரு தடவ நனைச்சுப் பாரு."

"சுட்டுட்டாங்கன்னா?"

"சுடட்டும். செத்தது நாயில்ல, என் அண்ணன். நான் அழுதே தீருவேன்."

செய்தி காதோடு காதாய்ப் போனது. வெள்ளி, சனி... மூன்று மணிக்கு ஒவ்வொருத்தியாய்த் துறைக்குப் போய் வந்தார்கள்.

ஞாயிறு. பூசை பாதியில் கதவு கிறீச்சிட்டது. பதினான்கு வீட்டுப் பெண்களும் கறுப்பில் உள்ளே வந்தார்கள். முன்வரிசையில் சார்ஜெண்டு எழுந்தார். துப்பாக்கி உறையைத் திறந்தார். கறுப்புகளை எண்ணினார்... பதினைந்து. மறுபடி எண்ணினார். பதினைந்து.

பதினைந்தாவது அவர் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தது. தொட்டியில் முக்கிய அதே உடுப்பு, கழுத்திலிருந்து பாதம்வரை கறுப்பு. முகமெல்லாம் கண்ணீர்.

"பூரா... யாருக்கு இந்தத் துக்கம்?" என்றார்.

அவள் நிமிரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்; அவர் கை பட்டதே அவளுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கத்தினார். பாதிரியாரிடம் ஓடிப்போய்க் கத்தினார்.

பூசை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு தலைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.