மூடிக்கு அடியில் நுரை

லாரி கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. கண்ணாடியில் ஆரம்பித்து டயரில் முடிப்பேன். நான் தேய்க்கிற தேய்ப்பில் பெயின்ட்டே போய்விடும் என்று தம்பி கிண்டல் செய்வான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் வளர்த்து ஆளாக்கினேன். எனக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன்.

லாரி ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் லாரியின் பக்கவாட்டுத் தகரம்தான் தெரியும், வானம் தெரியாது. எனக்கு அது குறையாகப் பட்டதில்லை. தகரம் தெரிந்தால் அவன் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். லாரி கிளம்பிப் போய் அறைக்குள் வெளிச்சம் வந்தால்தான் எனக்கு மூச்சு முட்டும்.

அவன் ஓட்டியது உள்ளூர் ஓட்டம். கிடங்கிலிருந்து சரக்கு ரயில் நிற்கும் இடம் வரைக்கும்தான். எஞ்சின் ஒழுங்காகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவான். ஒரு குளிர்காலத்தில், ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தவன் முகம் சுண்டிப்போனது. மூடிக்கு அடியில் பால் அதிகமான காப்பி நிறத்தில் நுரை அப்பியிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். சோற்றுப் பானை மூடி வேர்ப்பது போலத்தான், எஞ்சின் ஆறும்போது உள்ளே இருக்கிற ஈரம் வேர்த்து ஆயிலில் கலக்கிறது என்றார். தூர ஓட்டம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடுமாம். சின்ன ஓட்டத்தில் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்குமாம்.

ஈரம் கூடினால் ஆயிலின் வழுவழுப்புப் போய் எஞ்சின் இறுகிவிடும், எதற்கும் ஆயிலை மாற்றிவிடலாம் என்று அவர் வண்டியை நிறுத்தி வைத்தார். தம்பி வீட்டோடு இருந்தான். ஆடிக்கொண்டிருந்த கதவுக் கீலைச் சரிசெய்தான். நான் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினான். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு, வண்டி கழுவும்போது அவ்வப்போது அந்த மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். நுரை வரும், வண்டி நிற்கும், அவன் வீட்டில் இருப்பான். மெக்கானிக் குளிரைத் திட்டினார். கையில் தண்ணீர்க் குழாயோடு நிற்பவள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பிறகு அந்தப் பெண் வந்தாள். பார்சல் அலுவலகத்தில் வேலை. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்தில் தூர ஓட்டம் கிடைத்திருக்கிறது, இருவரும் அங்கேயே குடியேறப் போகிறோம் என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "நீயும் வந்துடுக்கா" என்றான். இன்னொருத்தி அடுப்படியில் நான் விருந்தாளியாகவா போய் உட்கார முடியும்? எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அந்த வாரம் டம்ளரை வைத்துவிட்டு ஜக்கை எடுத்தேன். தினமும் ஊற்றினேன்.

கிளம்புகிற காலையில் அவன் மூடியைத் திறந்தான். நுரை. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்து, ஆயில் அளவைவிடக் கூடத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டான். இருந்தாலும் மனசு கேட்காமல் மெக்கானிக்குக்கு போன் போட்டான். எனக்கும் கேட்டது.

"எப்பவும் வர்றதுதானேப்பா. மலை தாண்டி நல்லா சூடேற ஓட்டு, தானா காஞ்சிடும்."

அவரை விட்டுவிடுங்கள். அந்த நுரையை அவர் கண்ணுக்குப் பழக்கியவள் நான்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியாக்கா, வண்டிக்கே தூரமாப் போகணும்னு இருக்கு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆயிலை மாற்றிக்கொண்டு போய்விடுவான், அப்புறம் என் முகத்திலும் விழிக்க மாட்டான். சொல்லாவிட்டால் வழியில் எங்காவது நின்று திரும்பி வருவான். வழி மலை வழி என்பதும், வண்டியில் முழு லோடு என்பதும் எனக்குத் தெரியும். அவன் விரலில் ஒட்டியிருந்த நுரையைத் துணியால் துடைத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

இறக்கத்தில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன என்றீர்கள். பாறையில் மோதியது அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பக்கமாம். அவள் அங்கேயே போய்விட்டாள். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்கிறார் டாக்டர்.

ஆமாம், தெரிந்துதான் ஊற்றினேன். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. சக்கர நாற்காலி நுழைய வாசலை அகலப்படுத்த வேண்டும், கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆயிலில் இருந்த தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னதும், என்னை உள்ளே விடவே கூடாது என்று அவன் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொல்கிறீர்கள். வலியில் ஏதோ பேசியிருப்பான். வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஐயா. இனி அவன் எங்கே போகப்போகிறான்.