இரண்டு வீட்டுச் சோறும் என் கணவரின் சீனியும்

பெயர்: பத்திநாதர் சந்திரவதனா. வயது: 49. சமயம்: கத்தோலிக்கம். தொழில்: கருவாடு போடுதல். முகவரி: கடற்கரை வீதி, கண்டக்குழி. கணவர்: மரியாம்பிள்ளை பத்திநாதர், வயது 57, கடற்றொழிலாளர்.

நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். பிறந்த இடம் முல்லைத்தீவு. சண்டைக் காலத்தில் சிறுபிள்ளையாக இங்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்தேன். இதற்கு முன் எந்தப் பொலிஸ் நிலையத்தின் படியும் மிதித்ததில்லை. இன்று காலை இதே கதிரையில் இருந்தபோது சொந்தப் பெயரே வாயில் வரவில்லை. இப்போது பின்னேரம். பால் விடாத பிளேன்டி குடித்துவிட்டு நிதானமாகச் சொல்கிறேன்.

என்மீது முறைப்பாடு செய்தவர் எனது கணவரின் தமக்கை எமில்டா. நான் அவரை மச்சாள் என்று அழைப்பேன். அவருடைய வீடு எங்கள் படகு கரையேறும் இடத்துக்கு அருகில் உள்ளது. நான் கணவருக்குச் சோற்றில் எதையோ கலந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லப் பார்க்கிறேன் என்பதே முறைப்பாடு.

இந்த வருடத் தொடக்கத்தில் கணவருக்கு இரண்டு தோள்களும் இடுப்பும் விறைக்கத் தொடங்கின. காலையில் கட்டிலால் எழும்ப முடியாது. சட்டைக்குள் கை நுழைக்க நான் வேண்டும். ஞாயிறு பூசையில் சிலுவை அடையாளம் போட அவருடைய கை நெற்றிவரை போகவில்லை. அதைக் கண்டு நான் கோயிலிலேயே அழுதேன். அதன்பின் புத்தளத்தில் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். இரத்தம் சோதித்து, இது ஒருவகை வாதம் என்று சொல்லி ஸ்டீரொயிட் குளிசை தந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும். சில நாட்களிலேயே கை உயர்ந்தது. வலை இழுக்கப் போகிறேன் என்று துள்ளிய மனிதரை நான்தான் பிடித்து இருத்தினேன்.

அந்தக் குளிசையால் இரத்தத்தில் சீனி ஏறலாம், மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தால் பாருங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதன்பின் விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி, சொன்னபடி பார்த்தேன். இருநூற்றைம்பது, இருநூற்றெண்பது என்று காட்டியது. தேநீரில் சீனியை நிறுத்தினேன். சிவப்பரிசிக்கு மாறினேன். சீனிப்போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்படியும் பெரிதாக இறங்கவில்லை.

எமில்டா மச்சாளுக்கும் நீரிழிவு உண்டு, மெஷினும் உண்டு. கணவர் கடலுக்குப் போகாவிட்டாலும் படகு வரும் நேரத்துக்கு விடியக் கரைக்குப் போய்விடுவார். முதல் தேநீர் தமக்கை வீட்டில்தான். தேநீர் குடிக்குமுன் மச்சாள் அவருடைய விரலில் குத்திப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் நூறுக்குள்தான் காட்டும். தமக்கை வீட்டில் நல்ல சீனி, என் வீட்டில் கெட்ட சீனி. எனக்கும் விளங்கவில்லை. மச்சாளின் மெஷின் பழசு என்று வாய்விட்டேன். அவர் அன்றே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினுடன் எங்கள் வீட்டுக்கு வந்து குத்தினார். இருநூற்றெண்பத்தைந்து.

"இப்ப சொல்லு, என்ர மெஷினுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

அத்தோடு மெஷின் நல்லது என்றும் நான் கெட்டவள் என்றும் முடிவாகிவிட்டது. கணவர் படகை என் பெயருக்கு மாற்றியிருந்ததால் ஊரும் அதை நம்பத் தயாராக இருந்தது. பிறகு சோறு போடும்போது என் கையை நானே சந்தேகமாகப் பார்த்த நாட்களும் உண்டு.

நேற்றுப் பின்னேரம் மச்சாள் வந்து, குளிசைப் பையையும் எடுத்துக்கொண்டு கணவரைக் கூட்டிப்போனார். "நீ ஆக்கின சோத்தில ஒரு பருக்கையும் இனி என்ர தம்பிக்கு வேண்டாம்" என்றார். தமக்கையின் சத்தத்துக்கு முன்னால் கணவருக்குச் சத்தம் வருவதில்லை. "ரெண்டு நாளைக்கு இருந்து பாப்பம், சந்திரா" என்று மட்டும் சொன்னார். முறைப்பாட்டை விட அந்தச் சொல்தான் எனக்குச் சுட்டது.

இன்று காலை அழைக்கப்பட்டு வந்தேன். பழக்கதோஷத்தில் கணவருக்குச் சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு வந்தேன். அவரை இரண்டு பேர் பிடித்துத்தான் ஆட்டோவால் இறக்கினார்கள். மச்சாள் குளிசைப் பையைச் சான்றுப்பொருளாக மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் தம்பியின் விரலில் குத்தினார். தொண்ணூற்றாறு.

"பாருங்கோ சேர், ஒரு ராத்திரி என்ர வீட்டில படுத்ததுக்கு!" என்றார்.

அவர் இன்றைய குளிசையைக் குடித்தாரா என்று நான் கேட்டேன். இன்னும் சாப்பாடும் கொடுக்கவில்லை, பையைத் திறக்கவும் விடவில்லை என்றார் மச்சாள். அதன்பின் நிலையப் பொறுப்பதிகாரி கிளினிக்குக்கு அழைப்பெடுத்து, டொக்டரின் குரலை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

டொக்டர் சொன்னது: "முதல்ல ஆளுக்குச் சாப்பிடக் குடுத்து அந்தக் குளிசையைக் குடுங்கோ. சொந்த யோசனையில நிப்பாட்டினா ஆபத்து. காலையில வெறும்வயித்தில பாத்தா அநேகமாச் சரியாத்தான் காட்டும். காலையில குடிச்ச குளிசை மத்தியானத்துக்குப் பிறகுதான் சீனியை ஏத்தும். வீட்டை மாத்தாதேங்கோ, பாக்கிற நேரத்தை மாத்துங்கோ."

டொக்டருக்கும் இவள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்றார் மச்சாள். அப்படியானால் இங்கேயே பார்ப்போம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். பாண் வாங்கிக் கொடுத்துக் குளிசை கொடுக்கப்பட்டது. மத்தியானச் சோற்றை மச்சாள் தன் வீட்டிலிருந்து, தானே ஆக்கி எடுத்துவந்தார். நான் எனது பார்சலை மடியில் வைத்தபடி விறாந்தையில் இருந்தேன். என் பக்கம் காற்றுக்கூட கணவரின் சோற்றுக் கோப்பையில் படக்கூடாது என்பது போல மச்சாள் நடுவில் நின்றார்.

இரண்டு மணித்தியாலத்தால் கையைக் கழுவச்செய்து, மச்சாள் தன் மெஷினால், தன் கையாலேயே குத்தினார். இருநூற்றெழுபத்து நான்கு. மற்றக் கையில் குத்தினார். இருநூற்றெழுபத்தொன்று.

இந்த வாக்குமூலத்தை எழுதும் கான்ஸ்டபிள் ஸும்றா மெதுவாக, "அக்கா, இது நீங்க ஆக்கின சோறுதானே?" என்று கேட்டார்.

மச்சாள் சுவரோரமாகக் கிடந்த நீள வாங்கில் இருந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டொக்டருக்கு மறுபடி எடுத்தபோது, திங்கட்கிழமை வாருங்கள், சீனிக்கு மருந்து தருகிறோம், ஸ்டீரொயிட்டையும் படிப்படியாகக் குறைப்போம், அப்போது சீனியும் இறங்கக்கூடும் என்றார். கணவர் என் பக்கம் வந்து நின்றார். அவரிடம் வீட்டில் பேசிக்கொள்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

அதன்பின் மச்சாள் என் மடியைப் பார்த்து, "அதுக்குள்ள என்ன?" என்று கேட்டார்.

"சோறு. சூடை மீன் குழம்பு, முருங்கையிலை வறை."

"கொண்டா. காலையில இருந்து வயித்தில ஒண்டும் இல்லை."

பொறுப்பதிகாரிக்கு முன்னால், அந்த வாங்கிலேயே பார்சலைப் பிரித்து முழுவதையும் சாப்பிட்டார். உப்புக் காணாது என்றார். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்வதுதான். இன்றுபோல் அது எனக்கு இனித்ததில்லை. மச்சாள்மீது நடவடிக்கை எதுவும் எனக்கு வேண்டாம்.

இவ்வளவையும் ஸும்றா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஓரிடத்தை மட்டும் திருத்தச் சொன்னேன். காலையில் தாளின் தலைப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் 'சந்தேகநபர்' என்று எழுதியிருந்தார்கள். அதை வெட்டி 'மனைவி' என்று எழுதினார்கள். வெட்டிய இடத்தில் எமில்டா மச்சாளும் கையொப்பம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். வைத்தார். அதற்குக் கீழே நான் வைக்கிறேன்.

ஒப்பம்: ப. சந்திரவதனா