பலூனைக் குத்தியவர்கள்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். கணவன் மடியில் கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று. பழைய காலத்து வெள்ளைக்காரக் கேலிச்சித்திரம். வயலில் விழுந்த பெரிய பலூனை ஊர்க்காரர்கள் கம்பும் கவைக்கோலுமாகச் சூழ்ந்து குத்துகிறார்கள். பாதிரியார் ஒருவர் தூரத்திலிருந்து சிலுவையை நீட்டுகிறார்.

“பலூனை எதுக்குயா கொல்றாங்க?” என்றாள் மனைவி.

“அதுக்கு முன்னாடி அவங்க பலூனே பாத்ததில்லியாம். பேயின்னு நெனச்சுக்கினாங்கன்னு கடைக்காரரு சொன்னாரு. ஹால்ல மாட்டலாம்மே. வர்றவங்கல்லாம் சிரிப்பாங்க.”

“இன்னா ஜனமோ! காத்தடைச்ச துணியப் பாத்தா இப்படி பயப்படுவாங்க?”

“நீ பேசாத. நம்ம ஊட்ல குக்கரு மொத விசிலு அடிச்சப்போ அலறிக்கினு தெருவுக்கு ஓடுனவதானே நீ? இத்த சமையக்கட்டுலதான் மாட்டணும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

திருமுல்லைவாயல் தாண்டியதும், படத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: “ஓடுனேன்தான்யா. புள்ளையத் தூக்கிக்கினு ஓடுனேன். தெருவுல போய்ப் பாத்தா, நீ எனக்கு முன்னாடியே அங்க நின்னுக்கினு இருந்த.”