போர்வைக்கு அடியில் ரம்பம்

ஹலோ... ஹலோ மாமா! நான்தான், உங்க மாப்பிள்ளை. சாயங்காலம்தானே வர்றதா சொன்னீங்க?... ஆமா ஆமா, இப்பதான் உங்க பொண்ணு ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணா, அப்பா சாவி எடுத்து உள்ள போயிட்டார்னு. பயணம்லாம் சௌகரியமா?... நல்லது. இப்ப வீட்டுல எந்தப் பக்கம் நிக்கறீங்க?... இல்ல, சும்மாதான் கேட்டேன்.

சாப்பிடப் போறீங்களா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. டேபிள்ல மட்டும் வேணாம்... கட்டில்ல உக்காந்து சாப்பிடுங்களேன், காத்து நல்லா வரும்... ஆமா, கரண்ட் இல்லதான். இங்க கடையிலயும் இல்ல, ஒரே லைன்தானே. நான் ஜன்னல் காத்தைச் சொன்னேன்.

போர்வையா?... அது... துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்... மாமா, தூக்காதீங்க! மாமா!

...தூக்கிட்டீங்களா.

ஆமா. ரம்பம்தான்... ஆமா, டேபிளுக்கு நடுவுல... நீங்க வாங்கிக் குடுத்த டேபிள்தான் மாமா, எங்ககிட்ட வேற டேபிள் ஏது.

சரி, திட்டறதை நான் வந்ததும் திட்டுங்க. முதல்ல ரெண்டு அடி பின்னாடி போங்க... போயிட்டீங்களா?

செருப்பு ஸ்டாண்ட் செய்யலாம்னு மாமா. கார்பென்டர் இன்னிக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு இழுத்தடிச்சார். இதென்ன பெரிய வித்தைன்னு நானே இறங்கிட்டேன். கையில பிடிச்சு அறுக்குற மெஷின்தான். வீடியோல ஒருத்தன் அதைக் கவுத்து, டேபிளுக்கு அடியில வெச்சு முடுக்கி, பிளேடு மட்டும் மேல தெரியற மாதிரி பண்ணினான். அவனுக்குப் பத்து விரலும் இருந்துச்சு, பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன்... சிரிக்காதீங்க.

மூடியா? இருந்துச்சு, பிளேடு மேல. இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி வெச்சுட்டேன்... ஆமா, மூளையையும் சேத்துத்தான்.

கேளுங்க மாமா, அவசரம். அந்த மெஷின் சுவிட்சை அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் ஓடும். டேபிளுக்கு அடியில எவன் உக்காந்து அழுத்தறது? அதனால சுவிட்சை அழுத்தி, மேல டேப் சுத்திட்டேன். சுவர் சுவிட்சைப் போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். பிரமாதமா ஓடுச்சு. ஒரு பலகை பாதி அறுக்கும்போது கரண்ட் போச்சு. மெஷின் நின்னுச்சு. நின்னுடுச்சேன்னு நான் பாட்டுக்கு... ஆமா... சுவர் சுவிட்சை அணைக்காம வந்துட்டேன். கரண்ட் வந்தா அது தானா சுத்த ஆரம்பிச்சுடும்!

எங்கயா? ஹார்ட்வேர் கடைக்கு. தூள் படாம இருக்கக் கண்ணாடி வாங்க... கண்ணு முக்கியம்ல... சிரிங்க, நல்லா சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது.

என்ன சத்தம் அது? பலகையை இழுக்கறீங்களா? ஐயோ, தொடாதீங்க! காலையில ஒரு துண்டு எகிறிப் போய் பிரிட்ஜ்ல பள்ளமே விழுந்திருக்கு. என் வயித்துக்கு வர வேண்டியது. நான் கீழ குனிஞ்சு பென்சில் தேடிக்கிட்டிருந்தேன், அது என் காதுலயே இருந்துச்சு.

சுவர் பக்கம் போங்க மாமா. பிரிட்ஜுக்குப் பின்னாடி சுவிட்ச் இருக்கு... தெரியலையா? கையால தடவிப் பாருங்க... சீக்கிரம்...

மாமா! இங்க ஃபேன் சுத்துது! கரண்ட் வந்துடுச்சு! தள்ளிப் போங்க! மாமா!... ஹலோ?... பேசுங்க மாமா... ஒரு வார்த்தை... ஐயோ, அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்...

...என்னது?

வந்ததுமேவா?... நான் போன் பண்றதுக்கு முன்னாடியே குனிஞ்சு டேப்பைப் பாத்து, பிளக்கைப் புடுங்கிட்டீங்களா? அப்ப போர்வையைத் தூக்கினது, பலகையை இழுத்தது எல்லாம் நடிப்பா? என் உசுரே போயிடுச்சு மாமா! இருங்க, உக்காந்துக்கறேன். இங்கதான், ஒரு பெயிண்ட் டப்பா மேல.

சரி, டேப்பைப் பாத்ததும் பிளக்கைப் புடுங்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

விரலா?... உங்க இடது கைல அந்தப் பாதி விரலா? அது கார் கதவுல நசுங்கினதுதானே? முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க...

...இல்லையா.

நீங்க சுவிட்சுல எதைச் சுத்தினீங்க?... கயிறா... ம்... கரண்ட் போச்சு... ம்... சிக்கின பலகையை எடுக்கலாம்னு... ம்.

மாமா... அத்தைக்காவது தெரியுமா?... அவங்களுக்கும் கார் கதவுதானா! அப்படி என்னதான் செஞ்சுக்கிட்டிருந்தீங்க?

...தொட்டிலா? இவளுக்கா?

அதான் இவகிட்ட சொல்லலையா... ஆமா, தன்னாலதான்னு நினைச்சுக்குவா. அவ அப்படித்தான். சொல்லமாட்டேன் மாமா. சத்தியமா சொல்லமாட்டேன்... இல்ல, அழல. பெயிண்ட் வாசனை.

ஒரு நிமிஷம் இருங்க. அண்ணே, இந்தக் கண்ணாடி வேணாம், கைரம்பம் இருக்கா? அதான், கையால இழுத்து அறுக்கறது... இல்ல மாமா, கடைக்காரர்கிட்ட பேசினேன்... என்ன? உங்களுக்கும் ஒண்ணா?... அண்ணே, ரெண்டு குடுங்க.

இதோ கிளம்பிட்டேன் மாமா. டேபிள்ல இருக்குற ஓட்டைக்கு மட்டும் உங்க பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு... என்ன? உண்மையையா?

நல்லா இருக்கே! நீங்க மட்டும் கார் கதவுன்னு சொல்லிட்டு ஹாயா இருப்பீங்க, நான் மட்டும் உண்மையைச் சொல்லணுமா?... மாமா?... ஹலோ?

வெச்சுட்டார்.