செக்கிங் மேசைக்கு ஒரு நாற்காலி

ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி பொன்னுச்சாமி ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நாள் முழுக்க நின்று, தைத்து வரும் பனியன் பீஸ் பார்த்துப் பழுது பிரிக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பிரியாணிக்குக் காத்திருக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் செக்கிங் பிரிவுக் கமலாம்பாளின் வணக்கம்!

உறுதியோடு ஏறியிருக்கிறேன், உண்மையை உரைக்காமல் இறங்க மாட்டேன்!

என் பக்கத்து மேசை நதியாவை அறிவீர்கள். ஆறு மாதமாக அவள் முழங்காலின் பின்மடிப்பில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். "டாக்டர்கிட்டப் போலாம் வா கண்ணு" என்றேன். "வேண்டாங்கக்கா, காலு முடியலைன்னு தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க" என்றாள். அப்போது நான் செய்த கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? தையல் பிரிவிலிருந்து ஜட்டி எலாஸ்டிக்கை எடுத்துவந்து, கட்டியை அமுக்கி, இறுக்கி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மூன்றாம் நாள் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, மேசையடியிலேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் மைதிலி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "நல்லவேளை, ரத்தக்குழாயில ரத்தம் ஒறையலீங்க. நீர்க்கட்டி உடைஞ்சு, நீர் கீழ எறங்கியிருக்குது" என்றார். மூட்டு தேய்ந்தாலோ, உள்ளே சவ்வு கிழிந்தாலோ நீர் அதிகம் ஊறுமாம்; அது பின்பக்கம் பிதுங்கிக் கட்டியாகுமாம். புற்றுநோயா? இல்லை! யாரோ வைத்த செய்வினையா? இல்லவே இல்லை! பெரும்பாலும் ஓய்வு, ஐஸ் ஒத்தடம், உடற்பயிற்சி இவற்றிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஊசியால் நீரை எடுப்பார்கள். ஆனால் மூட்டின் பழுதைப் பார்க்காவிட்டால் மறுபடி ஊறும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எலாஸ்டிக்கைத் தேடாதீர்கள்!

என்னம்மா அங்கே? "முதலாளி முன்னாடியே பேசறீங்களாக்கா" என்றா கேட்கிறாய்? அவர் முதுகுக்குப் பின்னால் பேசித்தானே இத்தனை வருசம் போச்சு!

ஐயா, நதியா தேறிவிட்டாள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாள். மணிக்கொரு தரம் அவள் உட்கார வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. எங்கள் பிரிவில் அறுபது பேர். நாற்காலி ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்து பார்த்தால் பழுது கண்ணுக்குத் தெரியாதா? பேச வந்த எனக்கு இந்த மேடையில் ஒன்று போட்டிருக்கிறீர்கள். இதைத் தூக்கிக்கொண்டு போய் நதியாவின் மேசையடியில் போடப்போகிறேன். மீதி ஐம்பத்தொன்பதை நீங்கள் போடுங்கள், ஐயா!

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி, வணக்கம்! கைதட்டும் தம்பிகளே, கொஞ்சம் வழிவிடுங்கள். நாற்காலி வருகிறது!