வலது கையின் அளவு

இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது என் வழக்கம். கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அவசரப் பிரிவில் டாக்டராக இருந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் இதை விட்டதில்லை. நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

புதிதாக வந்த டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சிரித்தாள். கெட்டவள் இல்லை, கொஞ்சம் முந்திரிக்கொட்டை. போன மாதம் ஒரு பெரியவருக்கு நான் வாயுத் தொல்லை என்று எழுதியதை மாரடைப்பு என்று அடித்துத் திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் பத்துப் பேர் முன்னால் என் மூக்கை உடைத்துவிட்டு, "விடுங்க சார், வயசானா அப்படித்தான்" என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெயிண்டரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். "முதுகுல கிழிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். அழுத்தம் பார்த்தேன். வலது கையில் நூற்று அறுபது, இடது கையில் நூறு. கைக்குக் கை இவ்வளவு வித்தியாசம் என்றால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழியுண்டு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால் கதை முடிந்தது.

அவள் இ.சி.ஜி.யைப் பார்த்து மாரடைப்பு என்றாள். அந்த ஊசியைத்தான் எடுத்து வரச் சொன்னாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். சீட்டில் வலது கையின் அளவை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "சார், முதுகு வலிங்கிறாரே. நீங்க ஒரு தடவை பாக்குறீங்களா?"

"எனக்கு வயசாயிடுச்சும்மா. நீங்களே முடிவு பண்ணுங்க."

ஊசி போட்ட முக்கால் மணி நேரத்தில் அவர் போய்விட்டார். வெளியே அவர் மனைவி அவருடைய சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். "டாக்டரம்மா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்று நான்தான் பக்குவமாகச் சொன்னேன்.

நீங்கள் விசாரணைக்கு அவளை மட்டும் கூப்பிட்டிருக்கிறீர்கள். வேலையே போய்விடும் என்கிறார்கள். அது அதிகம். அதனால்தான் நானே வந்தேன். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவரைச் சாகவிட்டேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டாளே தவிர, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் சொல்லியிருப்பேன். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.